என்ஜின் சாம்பலும் சூசையம்மாளும்

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பாசஞ்சர் திண்டிவனத்தில் நின்ற இரண்டு நிமிஷத்துக்குள் அதன் கார்டு என் வீட்டுக்காரரிடம் சேதி சொல்லிவிட்டுப் போனார். விழுப்புரத்தில் சூசையம்மாள் தவறிவிட்டார். டிக்கெட் கவுண்டரைப் பூட்டிவிட்டு அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். அழுதேன். அழுது ஓய்ந்ததும் மனசில் முதலில் வந்த வார்த்தை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'அப்பாடா'. அது ஏன் என்று விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் அவரோடும் என்னோடும் இருந்த உங்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

சூசையம்மாள் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன் ஒருவரின் மனைவி. முகையூர்ப் பக்கம் கூலிக்குப் போன குடும்பம். உலகச் சண்டையின்போது பட்டாளத்துக்கென்று போட்ட காய்கறித் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை செய்தவர்கள். அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டை வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்றோம். திங்கட்கிழமை ராத்திரிச் சோற்றை விடச் சொல்லித் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைக் காட்டி, "அன்னைக்குப் பட்டாளத்துக்குப் போட்டோம். இப்ப நம்ம வயித்துக்குப் போட்டுக்கலாமேம்மா" என்றார்.

பதினோரு வீட்டுப் பெண்கள் சேர்ந்தோம். குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வெட்டி அங்கேதான். விளைவதில் எல்லாருக்கும் சமபங்கு என்று பேச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா முதல் நாள் குடை பிடித்துக்கொண்டு பாத்தி பார்க்க வந்தார். கத்தரி நாற்று நட்டுக்கொண்டிருந்த சூசையம்மாள் நிமிர்ந்து, "அந்தக் கொடைய இந்தப் பக்கம் புடிங்கம்மா. வெயிலு நாத்துக்குத்தான் ஆவாது, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். மாஸ்டரம்மா சிரித்துக்கொண்டே பிடித்தார். அப்படி ஒரு வாய் அவருக்கு.

கீரையில் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல் தூவுவது எல்லார் வீட்டிலும் வழக்கம். எங்களுக்கா சாம்பல் பஞ்சம்? லோகோ ஷெட்டில் என்ஜின் சாம்பல் குவிந்து கிடந்தது. அதை அள்ளி வரலாமே என்றேன் சூசையம்மாளிடம். "அது வெறகு சாம்பல் இல்லம்மா, நெலக்கரி சாம்பல். வேர சுட்டுடும். வேணாங்க" என்றார். படித்தவள் அல்லவா நான்? கேட்பேனா? ஒரு கல்யாணத்துக்காக அவர் கோலியனூர் போய்த் தங்கியிருந்தபோது, எல்லாரும் தூங்கும் மத்தியான வேளையில் கூடை கூடையாகக் கொண்டுவந்து பாத்தி நிறையக் கொட்டினேன்.

நாலே நாளில் கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் ஓரம் கருகித் தலை சாய்ந்தன. "யாரு இத்தப் போட்டது? சூசையம்மா போடச் சொன்னாங்களா?" என்று பெண்கள் கேட்டார்கள். "உம்" என்றேன். அந்த ஒரு 'உம்'முக்காக இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம். சூசையம்மாள் திரும்பி வந்து பெண்கள் சொன்னதைக் கேட்டார், பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்ணைக் கிளற உட்கார்ந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்த எட்டாம் நாள் காலை குழாயடியில் மாஸ்டரம்மா தீர்ப்புச் சொன்னார். "இனிமே அவங்க தோட்டத்துல கை வெக்க வேணாம். பங்கும் கெடையாது." சூசையம்மாள் வீட்டில் ஆறு வயிறு. ரேஷன் அரிசி பாதி மாதம் தாங்காது. அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். "சூசையம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கொட்டினேன். பொய்யும் நான்தான் சொன்னேன்" என்று கத்திவிட்டேன்.

பிறகு எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. சூசையம்மாள் மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்பாடா, தொறந்தீங்களா வாய! எட்டு நாளா உங்க மூஞ்சப் பாக்கவே பேஜாரா இருந்திச்சு. கொட்டினவங்கதான் அள்ளணும், ஜல்தி வாங்க" என்றார்.

சாம்பலை வழித்தெடுத்து, எரு போட்டு, மறுபடி விதைத்தோம். குனிந்து அள்ளிக்கொண்டே கேட்டேன், "நீங்க ஏங்க அன்னைக்கே சொல்லல?"

"நான் சொன்னா யாரும்மா நம்புவாங்க? கேங்மேன் பொண்டாட்டி கிளார்க்கம்மா மேல பழி போடறான்னுவாங்க. நீங்க சொன்னாதான் நிக்கும். அதான் நீங்க சொல்லட்டும்னு பாத்துக்கினு இருந்தேன்."

எட்டு நாள் அவர் மானம் என் வாயில் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவே இல்லை. அந்த வருஷம் கொத்தவரையும் பூசணியும் பதினோரு வீட்டிலும் மணத்தன. அவர் வீட்டிலும்தான். அப்பாடா, அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன் என்று நினைத்தால் இன்றும் மூச்சு சீராகிறது.

இந்த வாரம் திண்டிவனம் குடியிருப்புப் பெண்கள், இங்கேயும் ஒரு தோட்டம் போடலாமா என்று கேட்டு வந்தார்கள். விதை கொடுப்பதற்கு முன்னால் சாம்பல் கதையைச் சொன்னேன். ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்து, "யாருங்க அந்தப் புத்திசாலி?" என்றாள்.

"நான்தான்" என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள்.