முதலில் செருப்பு

“மொதல்ல செருப்பப் பாரு. அப்புறம் உள்ள போ.”

அருங்காட்சியக நடையின் குறுக்கே கையை நீட்டிக் காவலர் ரெஃபிக் இதைச் சொன்னபோது, பேருந்து ஓட்டுநர் தஹ்சின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். ஏழு மணி நேரமாக வண்டி ஓட்டி வருவதாகச் சொன்னார். போன வாரம்தான் பார்த்தேனே என்றார். பார்த்திருந்தால் அதில் எத்தனை தையல் கோடு இருக்கிறது, சொல் என்றார் ரெஃபிக். தஹ்சினுக்குத் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டியின் முன்னே போய்க் குனிந்தார்.

“ஒண்ணுதான இருக்கு, அண்ணே. இன்னொண்ணு எங்க?”

“மூவாயிரத்து ஐந்நூறு வருஷமாத் தேடிக்கிட்டுதான் இருக்கோம். கெடச்சா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன். போ, போ.”

பக்கத்து மேசையில் ஷெர்மின் தலையைக் குனிந்துகொண்டாள். பொருள்களுக்குக் கீழே வைக்கும் விளக்க அட்டைகளைத் துருக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதும் வேலையில் அவள் சேர்ந்த முதல் நாள் அது. அன்றே சிரித்துவிட்டால் நன்றாக இருக்காது என்று பட்டது.

செருப்பு என்று ரெஃபிக் சொல்வது உள்ளங்கை நீளத்தில், நுனி மேலே வளைந்த ஒரு களிமண் காலணி. பழைய அரசர்கள் காலத்தில் அதில் மது ஊற்றிக் குடித்தார்கள். பந்தயத்தில் தோற்ற எவனோதான் அதில் முதலில் குடித்திருப்பான் என்பது ரெஃபிக்கின் கட்சி. அந்தக் கருத்தை அட்டையில் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். ஷெர்மின் சேர்க்கவில்லை.

அருங்காட்சியகம் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை அங்கே மட்டும்தான். ரெஃபிக் காவலுக்கு வந்த இரண்டாம் வருடமே இதைக் கண்டுகொண்டார். கட்டணம் கேட்டதில்லை, செருப்பைப் பார்த்தால் போதும்.

அங்கே இருக்கும் பொருள்கள் மூன்று இடம் பார்த்தவை. முதலில் ஒரு பள்ளி ஆசிரியர் வயலில் கிடைத்த பழங்காலக் கற்களைப் பள்ளித் தோட்டத்தில் பூச்செடிகளுக்கு இடையே நட்டு வைத்தார். பிறகு அவை பழைய குளியல் மண்டபத்தின் பெண்கள் பகுதிக்குப் போயின. அங்கே சுவர் வியர்த்தது. கடைசியாக இந்தத் தானியக் கிடங்கு. அந்த முறை செருப்பை மனைவி முனீரேயின் கம்பளிச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டிராக்டரில் உட்கார்ந்து வந்தார் ரெஃபிக். “என்னைய ஒரு நாளாவது அப்படி மடியில வச்சுக் கூட்டிட்டு வந்தாரா, கேளு,” என்று முனீரே ஷெர்மினிடம் சொன்னாள். சால்வை திரும்பி வரவே இல்லையாம்.

விடுமுறைக்குக் கடல் பார்க்க வேண்டும் என்பாள் முனீரே. அவர் வேறு அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப் போவார். சிறைச்சாலையாக இருந்தது ஒன்று, பொம்மைகள் மட்டுமே வைத்தது ஒன்று, தரையில் வெளிச்சத்தை ஓடவிட்டு ஆறு என்று சொன்னது ஒன்று. எங்கே போனாலும் நேரே காவலரிடம் போய், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரிப்பார். பதிலைக் கேட்டபின் அன்று முழுவதும் முகம் தொங்கிக் கிடக்கும். மாகாணத் தலைநகரில் புதிதாகக் கட்டிய கண்ணாடி மாளிகையில் நாற்பது கூடங்கள். “கல்யாண வீட்டு வரிசையில கை குலுக்கிக்கிட்டே போற மாதிரி போறாங்க. ஒருத்தனும் நிக்கல,” என்றார்.

அந்த மாளிகையிலிருந்துதான் வசந்தத்தில் கடிதம் வந்தது. வருடத்துக்கு ஐயாயிரம் பேர் வராத சிறு அருங்காட்சியகங்களின் பொருள்கள் அங்கே கொண்டுபோகப்படும்.

ரெஃபிக்கின் சட்டைப்பையில், கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு எண் கூடும் சின்னக் கருவி இருக்கும். வாசலைத் தாண்டியவரையெல்லாம் அவர் எண்ணுவதில்லை. பெட்டியின் முன்னே நின்று குனிந்தவர்தான் எண்ணிக்கை. கண்ணாடியில் படிந்த நெற்றித் தடங்களை மாலை வரை துடைக்க விடமாட்டார். சாயங்காலம் தடங்களையும் கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்து, வினிகரில் நனைத்த செய்தித்தாளால் துடைப்பார். குள்ளமானவர்களின் மூக்குத் தடத்துக்கும் அவரிடம் மதிப்பு உண்டு.

டிசம்பரில் மலைப்பாதையைப் பனி மூடியது. ஒன்பது நாள் பேருந்து இல்லை. வருடம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஐயாயிரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் குறைந்தார்கள். அருங்காட்சியக இயக்குநர் ஜன்னலைப் பார்த்தபடி, விரலுக்கு இரண்டு நிமிட வேலைதானே என்றார். அதிகம் பேசாத ஷெர்மினும் அன்று வாயைத் திறந்தாள். “அழுத்திடுங்க மாமா. யாருக்குத் தெரியப் போகுது?”

ரெஃபிக் கருவியை எடுத்துப் பார்த்தார். “வராதவன எப்படிம்மா வந்தான்னு சொல்றது? அப்புறம் வந்தவனுக்கு என்ன மரியாதை?” என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரியில் லாரி வந்தது. அட்டை எழுதுகிறவள் என்பதால் பொருள்களோடு ஷெர்மினுக்கும் இடமாற்றம். ரெஃபிக்குக்கு ஓய்வு. செருப்பைப் பஞ்சு வைத்த பெட்டியில் அவரே அடுக்கினார், மூடிக்கு மேல் இரண்டு மொழியிலும் ‘உடையும்’ என்று எழுதச் சொன்னார். லாரியின் முன் இருக்கையில் அவள் ஏறி உட்கார்ந்ததும், ஓட்டுநருக்குக் கேட்காதபடி ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மகளே, அங்க பெரிய கூடத்துல வைக்கிறோம்னு சொல்லுவாங்க. வேணாம்னுடு. கழிப்பறைக்குப் போற வழியில ஒரு எடம் கேட்டு வாங்கு.”