பதியாத விரல்

செவ்வந்திக்குத் தன் தங்கை சுபஸ்ரீ மீது பொறாமை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் ஏது? ஏரியில் மண்டியிட்டு இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு வாய் இருப்பது, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ளத்தான். பன்னிரண்டாவது முடித்ததுமே அம்மா முனியம்மாளோடு சுண்ணாம்புக்குளம் ஊர் ஏரியில் இறங்கியவள் அவள். தங்கையோ பொன்னேரியில் கல்லூரி மாணவி.

இப்போது அந்தத் தங்கைக்குக் கிரெடிட் கார்டாம்! வங்கியில் அம்மா போட்டிருக்கும் டெபாசிட்டை வைத்து அம்மாவுக்கு ஒரு கார்டு, கூடவே மகளுக்கும் ஒன்று. "காலேஜுல எல்லார்கிட்டயும் கீதும்மா" என்று சுபஸ்ரீ கொஞ்சினாள். அம்மா உருகிப் போனாள். அந்தப் பணத்துக்காகத் தன் கையும்தானே சேற்றைத் துழாவியது? செவ்வந்தியின் நெஞ்சு எரிந்தது.

அன்று அவள் கரையேறியபோது போன் அடித்தது. ஆரம்பாக்கம் வங்கியிலிருந்து சுபஸ்ரீ.

"அக்கா, கார்டுக்கு வெச்ச அம்மா கைரேகை மிஷின்ல விழமாட்டேங்குது. ஆதார்ல உன் நம்பர்தானே குடுத்துகிறோம், ஓடிபி வந்துக்கும், சொல்லு."

ஓடிபி வந்திருந்தது. செவ்வந்தி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் வரலே."

"நல்லா பாருக்கா!"

"இன்னாத்த பாக்கறது? உன்ன மாதிரி நாள் பூரா போன நோண்டிகினா கீறேன்?"

போன் கை மாறியது. அம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"செவ்வந்தி, பத்து வெரலும் வெச்சிட்டேன்டி. கைய கழுவினு வான்னு சொல்றாரு ஆபீசரு. அல்லாரும் பாக்கறாங்கடி. இது அழுக்காடி?"

செவ்வந்தி தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். சேறும் சிப்பியும் தேய்த்துத் தேய்த்து, ரேகையே இல்லாமல் வழவழத்தது. அச்சு அசலாக அம்மாவின் விரல்.

எண்ணைச் சொன்னாள். சொன்ன வேகத்தில் அழுகையும் வெடித்தது. "அவளுக்கு மட்டும் போதுமாம்மா? நான் உன் வயித்துல பொறக்கலியா?"

"நீ கேக்கவே இல்லியேடி..."

"நீ கேட்டியா?"

மறுமுனையில் அம்மா யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது: "சார், பெரிய பொண்ணுக்கும் ஒண்ணு தருவீங்களா?" உடனே, "பஸ் ஏறி வாடி என் கண்ணு!"

ஈரத் தலையோடு வங்கிக்கு ஓடினாள். சுபஸ்ரீயின் விரலை மெஷின் தொட்டவுடனேயே ஏற்றிருந்தது. செவ்வந்தியின் விரலுக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"என் பொண்ணு சார்! என்கூட ஏரில எறங்கறவ" என்றாள் அம்மா. அந்தக் கட்டைவிரலை இரு உள்ளங்கைகளிலும் பொத்தி, வாயால் ஊதிச் சூடேற்றி, மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"விடும்மா, ஓடிபியே போட்டுக்கலாம்" என்றார் ஆபீசர்.

"இருங்க சார், இன்னொரு வாட்டி." அம்மா விரலை விடவில்லை.

சுபஸ்ரீ துப்பட்டா நுனியைத் திருகியபடி அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைச் செவ்வந்திக்கு நன்றாகத் தெரியும்; இத்தனை நாள் அவள் பார்த்த பார்வைதான் அது.