சாடிக்குள் போன கத்தி

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பாலக்காட்டில் லாரிக்குச் சுமை ஏற்றினேன். ஓசூரில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடித்தேன். ஒவ்வொரு ஊரிலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன். துணிப்பை, செருப்பு, ஒரு முன்பல். திரும்பிப் போய்த் தேடியதில்லை. அப்படிப்பட்டவன் சுங்குவார்சத்திரத்தில், கைக்குள் அடங்குகிற ஒரு வீடியோ கேம் பெட்டியில், பொம்மைக் கத்தி ஒன்றைத் தொலைத்துவிட்டுச் சோறு இறங்காமல் படுத்துக் கிடந்தேன். ஏன் என்று இப்போதும் பிடிபடவில்லை.

அந்தப் பெட்டி என்னோடு அறையில் இருந்தவனுடையது. அரக்கோணம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், என் வயதுதான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு வருவதற்கு முன்னால், ஜப்பான்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பிய இன்ஜினியர் ஒருவர் மூட்டை கட்டும்போது இதை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு. எல்லாம் ஜப்பான் எழுத்து.

கையில் தடியோடு ஒரு சின்ன மனிதன். கிராமத்திலிருந்து கிளம்பி, பாழடைந்த இடம் ஒன்றுக்குள் நுழைவான். படிக்கட்டைத் தேடித் தேடித் தளம் தளமாகப் போக வேண்டும். படிக்கட்டு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. வழியில் பேய்களும் பூச்சிகளும் அடிக்க வரும். பசியும் எடுக்கும். செத்துப்போனால் கிராமத்தில் விழித்துக்கொள்வான். பையில் ஒன்றும் இருக்காது. சேர்த்த பலமும் போய்விடும். மறுபடி நுழைந்தால் அறைகள் இடம் மாறியிருக்கும், போன தடவை கற்ற வழி இந்தத் தடவைக்கு உதவாது. இதையும் ஒருவன் காசு கொடுத்து வாங்குவானா என்று முதலில் நினைத்தேன். பிறகு என்னால் விட முடியவில்லை.

கீழே கிடக்கும் பொருள்கள் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. தழையைத் தின்று பார்ப்போம். ஒன்று காயத்தை ஆற்றும், ஒன்று கண்ணைக் குருடாக்கும். ஒருவகைச் சீட்டைப் பிரித்தால் கிராமத்துக்கு உயிரோடு திரும்பலாம், பையும் தங்கும். இன்னொருவகைச் சீட்டு, வழியில் கிடைத்த கத்தியைக் கூராக்கும். அப்போது கத்தியின் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் ஓர் எண்ணும் வரும். அந்தத் திரையில் எங்களால் படிக்க முடிந்தது அந்த எண் மட்டுந்தான். பல மாதமாக, சாகாமல் திரும்பித் திரும்பி வந்து, அந்த எண்ணை இரண்டு பேரும் வளர்த்தோம். அந்தக் கத்தி இருந்தால் கடைசித் தளத்தைப் பார்த்துவிடலாம் என்று நம்பினோம்.

எனக்கு வேறொரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிஃப்ட், அவனுக்குப் பகல். ஒரே பாய், ஒரே விளையாட்டு. காலையில் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவேன், அவன் தன் பஸ்ஸுக்காக டீக்கடையில் நிற்பான். லைனில் ஷிஃப்ட் மாற்றும்போது சொல்வதைப் போலவே அங்கே நின்று விளையாட்டை ஒப்படைப்போம்.

"பாம்பு ரூம்ல நிறுத்திக்கிறேன் மச்சி. இடது பக்கம் போவாத. ஆளுக்கு வயிறு காலி. இருந்த சோத்து உருண்டைய நேத்தே துன்னுட்டான்."

"கத்தி?"

"கத்தி பத்திரமா கீது. நீ எதுனா தூக்கிப் போட்டுராத."

அவன் அப்படிச் சொல்ல நான்தான் காரணம். பை நிரம்பி வழிந்த ஒரு நாள், பேய் மேல் கல்லை எறிவதாக நினைத்து நல்ல கேடயம் ஒன்றை எறிந்திருந்தேன்.

அந்த வாரம் அவன் லைனில் ஒரு பிரச்சினை. பழைய மாடலின் பாகம் ஒன்று புது மாடல் பெட்டிக்குள் போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். ஷிஃப்ட் முடிந்தால் மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர் லைன் கிளியர். மறுநாள் காலை நான் இறங்கும்போது அவன் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"லைன் கிளியர் பண்ட்டேன் மச்சி! முக்கியமான அயிட்டம்லாம் சாடில போட்டுக்கிறேன்!"

விளையாட்டில் சாடிகளும் உண்டு. முன்பு ஒரு சாடியில் பொருள் போட்டு வைத்திருக்கிறோம், சுவரில் எறிந்து உடைத்தால் போட்டது அப்படியே வெளியே வரும். அதனால் அவன் செய்தது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அறைக்குப் போய், குளித்து, பெட்டியை எடுத்தேன். பையில் சாடி மட்டும் இருந்தது. திரையில், அடுத்த அறையில் ஏதோ உறுமியது. கத்தி வேண்டுமே என்று சாடியைச் சுவரில் எறிந்தேன். ஒரு தழை, ஓர் அம்பு, ஒரு சோற்று உருண்டை. அவ்வளவுதான். மறுபடி சுற்றிப் பார்த்தேன். அதற்குள் பசியில் மனிதன் தள்ளாட ஆரம்பித்துவிட்டான். உருண்டையைத் தின்ன வைத்து, நிறுத்திவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன்.

"கத்திய எங்க வச்ச?"

"சாடில தான். சொன்னேன்ல?"

"சாடில கத்தி இல்ல."

"கத்தி, கேடயம், வளையம், மூணும் என் கையால போட்டேன்யா. நீ எங்கனா போட்டு ஒடைச்சிட்டு என்னாண்ட கேக்குறியா?"

"உடைச்சேன். சோறுதான் வந்துச்சு."

"ஆங், சோறு, கொழம்பு, அப்பளம்லாம் வந்துச்சா?" என்றான். பிறகு முகம் மாறியது. "நீ போற ஊர்லலாம் எதுனா தொலைக்கிற ஆளு. நீயே என்னாண்ட சொல்லிக்கிற."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கத்தியை நான் பார்க்கவே இல்லை. அவனும் பொய் சொல்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் சொல்வது உண்மை என்றால் கத்தி எங்கே? பஸ்ஸில், லைனில், சாப்பாட்டு வரிசையில், இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருகாணி முடுக்கும் இடத்தில் முடுக்காமல் நின்று திட்டு வாங்கினேன். காலையில் டீக்கடையில் அவன் வேறு பக்கம் பார்த்து நின்றான். ஓசூரிலிருந்து பழைய மேஸ்திரி போன் செய்து, ஆள் வேண்டும், வா என்றார். வழக்கமாக இந்த இடத்தில் நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

அவன் கம்பெனியில் ஜப்பான் மொழி படித்த அக்கா ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் பேசுவது அவர் வேலை. விளையாட்டில் அதே மாதிரிச் சாடி ஒன்று வேறொரு அறையில் கிடைத்திருந்தது. அவன் அதன் பெயரைப் போனில் படம் எடுத்து, பஸ்ஸில் அவரிடம் காட்டியிருக்கிறான். மறுநாள் டீக்கடையில் அவனே என் பக்கம் வந்தான்.

"இத்த கேளு மச்சி. அது பொருள் வெக்கிற சாடியே இல்லியாம். மாத்துற சாடியாம். உள்ள போட்டா வேற ஒண்ணா ஆயிடுமாம். படம் ஒண்ணுதான், பேரு வேறயாம்."

"அப்ப கத்தி?"

"மூணு போட்டேன். மூணு வந்துச்சு. கத்தி ஏதோ ஒண்ணா ஆயிகீது." விரல் விட்டு எண்ணினான். "அந்தச் சோத்து உருண்டை எங்க?"

"தின்னுட்டான்."

"அடப்பாவி! கத்தியவா துன்ன வெச்ச!"

டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தின்றது கத்தியா, கேடயமா, வளையமா? அவன் போட்டான், நான் தின்ன வைத்தேன். அப்படியானால் தொலைத்தது யார்? தொலைந்தது என்று சொல்லலாமா? மனிதனின் வயிறு நிறைந்தது உண்மைதானே.

ஞாயிற்றுக்கிழமை அவன் மாதா கோயிலிலிருந்து வந்த பிறகு இரண்டு பேரும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து ஆடினோம். அம்பையும் அந்தச் சாடியையும் எறிந்து தீர்த்தாயிற்று. பையில் அந்தத் தழை மட்டும். திரையில் அறையையே அடைத்துக்கொண்டு ஒரு மிருகம் வந்து நின்றது.

"தழைய துன்னு! காயம் ஆறும்!"

"இது கத்தியா இருந்தா?"

"இப்ப தழைதானேயா! துன்னு!"

என் விரல் அழுத்தவில்லை. அடி விழுந்தது. திரை இருண்டது. மனிதன் கிராமத்தில் விழித்தான். தழையும் இல்லை.

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தான். "தழைய காப்பாத்துறதுக்கு ஆளையே சாவடிச்சிட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். எனக்குள் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வருத்தம் என்று நினைத்தேன். ஆனால் பசி எடுத்தது. அவன் கோயிலிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தில் பிரியாணி இருந்தது. பிரித்துத் தின்றோம்.

மேஸ்திரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் தளத்துக்குள் நுழைந்தேன். அறைகள் மாறியிருந்தன. ஒரு மூலையில் ஏதோ கிடந்தது. பெயர் வந்தது, படிக்கத் தெரியவில்லை.

"இன்னாது அது?" என்றான் அவன்.

"தெரியல."

"எடு."

எடுத்தேன்.