காலண்டர் தாளில் எழுதிய காய்ச்சல்

அந்தக் கட்டியை முதலில் தொட்டது என் மகள் காவ்யா. அம்மாவுக்குப் பூ வைத்துவிடும்போது, "இது என்னம்மா, கழுத்துல நெல்லிக்காயாட்டம் உருளுது?" என்று கேட்டாள். வலிக்கவில்லை என்பதால் இரண்டு மாதம் சும்மா விட்டுவிட்டோம். பிறகு மதுரையில் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா (நெறி கட்டும் இடங்களில் வருகிற புற்றுநோய்) என்றார்கள்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். காரைக்குடியில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ இந்த நோயோடு இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

முதல் கீமோவுக்கு (புற்றை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) என் மனைவி செல்வி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பில்லைப் பார்த்து நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் இரண்டாவது முறை டாக்டரம்மாவே ஒரு வழி சொன்னார்.

"காலையில மருந்தை ஏத்திட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடறேன். மாத்திரையை அங்க வச்சே சாப்பிடட்டும். செலவு பாதிக்கு மேல குறையும். ஆனா ஒரு வாரத்துல வெள்ளை அணு இறங்கிடும். காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டா, மாத்திரை போட்டுப் படுத்துடக் கூடாது. உடனே உங்க ஊர் ஆஸ்பத்திரியில கிருமியைக் கொல்ற முதல் ஊசியைப் போட்டுக்கிட்டு இங்க வந்துடணும்."

வெள்ளை அணு என்பது கிருமியோடு சண்டை போடுகிற ரத்த அணு. அது இறங்கினால் சாதாரணக் கிருமியும் ஆளை அடித்துவிடும்.

மருந்து ஏற்றிய அன்று சாயங்காலம் காரில் திருப்பத்தூர் தாண்டி வரும்போது நான் விளையாட்டாகச் சொன்னேன்: "இன்னொரு தடவை ஆஸ்பத்திரி பெட்ல படுத்தியன்னா, இந்தக் காரை வித்துற வேண்டியதுதான்."

"வித்துப்புட்டு என்னத்த ஓட்டுவீக? என்னையவா?" என்று செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது எனக்குத் தெரியவில்லை.

காலையும் மாலையும் தெர்மாமீட்டரை அவளே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள். காவ்யா எண்ணைப் படித்து, தினக் காலண்டரில் அன்றைய தாளில் எழுதுவாள். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. "பாத்தீகளா, காரு தப்பிச்சிருச்சு" என்பாள் செல்வி.

பத்தாம் நாள் காலை எழுப்பிவிட அவள் கையைப் பிடித்தேன். வெயிலில் நின்ற வண்டியின் பானட் மாதிரிச் சுட்டது. காலண்டரைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. கையை நம்பாமல் எண்ணை நம்பினேன். நாட்டரசன்கோட்டைக்குச் சவாரி இருந்தது. போய்விட்டேன்.

மதியம் திரும்பியபோது செல்வி இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். காவ்யா அழுதுகொண்டே பிரிட்ஜைக் காட்டினாள்.

"அம்மா ஜில்லுன்னு மோரைக் குடிச்சுட்டுத்தாம்ப்பா தெர்மாமீட்டரை வைக்கும். நேத்துல இருந்து. அப்பாட்டச் சொன்னா காரு போயிரும்னுச்சு."

குளிர்ந்ததைக் குடித்த வாயில் தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைத்துத்தான் காட்டும். அக்குளில் வைத்துப் பார்த்தேன். நூற்று மூன்று. ஊரில் ஊசி போட்டு, மதுரைக்குக் கொண்டு போனோம். செப்சிஸ் (கிருமி ரத்தத்தில் கலந்து உறுப்புகளைக் கெடுப்பது) என்றார் டாக்டரம்மா. "நேத்தே வந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். நான்காம் நாள் செல்வி போய்விட்டாள்.

ஐ.சி.யூ. வாசலில் காவ்யா கேட்டாள்: "நான் சொல்லியிருந்தா அம்மா இருந்திருக்கும்லப்பா?"

"நீ சொல்ல முடியாம வாயக் கட்டுனது நான் கார்ல சொன்ன சொல்லுத்தான்" என்றேன்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளும் அவள் தன் தலையணையில் படுத்தாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். செலவைப் பற்றி நோயாளி காதுபட நான் பேசியதுதான் தவறு. பிள்ளைகளே, அம்மா சத்தியம் வாங்கியிருந்தாலும் காய்ச்சலை மறைக்காதீர்கள். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. சொல்லாமல் விட்ட பிள்ளை யாராவது இதைப் படித்தால், குற்றம் உன்னுடையது அல்ல, கண்ணு.

கார் இன்னும் வாசலில் நிற்கிறது. ஸ்டியரிங் வெயிலில் சுட்டால் கையை எடுத்துவிடுகிறேன். காலண்டரில் அந்தப் பத்தாம் நாள் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

போன வாரம் காவ்யாவுக்குச் சளி. தெர்மாமீட்டரை அவளே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வைப்பதற்கு முன்னால் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"நல்லாப் பாருங்கப்பா. ஒண்ணுமே குடிக்கல."

தெர்மாமீட்டர் சத்தம் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.