பிடித்துக்கொண்டிருந்த புள்ளி

அஸ்தினாபுரத்து வாடகை வீட்டில் தபஸ்ஸும் தனியாக இருக்கிறாள். கணவன் அசாருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. அவளுக்குச் சிறுசேரிக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை, வீட்டிலிருந்தே. லாரிப் பாகங்களைச் செய்வதற்கு முன்பே, அவை தாங்குமா, உடையுமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்கிறவள். இதைச் சொந்தக்காரர்களிடம் விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்புறம், விசேஷம் ஏதாவது உண்டா?" என்பார்கள். கணவன் கடல் தாண்டி இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

இப்போது கையிலிருப்பது ஒரு பிராக்கெட், லாரிச் சட்டத்தோடு போல்ட் போட்டு மாட்டும் இரும்புத் தாங்கி. அது தேறிவிட்டால் அடுத்த கட்ட வேலையும் அவர்கள் டீமுக்கே. அவள் வேலை நிரந்தரமாகும். அப்படி ஆனால் அசார் தம்மாமை விட்டு வந்து, குரோம்பேட்டையில் ஏசி சர்வீஸ் கடை போடுவதாகப் பேச்சு.

கணக்கோ ஓட மாட்டேனென்று அடம்பிடித்தது. போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி. பாரம் ஏற்றியதும், போல்ட்டைத் தொடும்வரை பிராக்கெட்டைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. திரையில் அது எங்கோ பறந்தது. கணக்கு பாதியில் நின்றது.

மேனேஜர் ஷ்யாம்சுந்தர் போனில் அலுத்துக்கொண்டார். "ஏதாவது ஒரு பாயின்ட்டை ஃபிக்ஸ் பண்ணி ஓட்டும்மா. க்ளையன்ட் வெயிட் பண்றார்."

பிராக்கெட்டில் ஒரு புள்ளியை அசையாமல் நிறுத்தி ஓட்டினாள். ஓடியது. திரை முழுக்க நீலமும் பச்சையும், உடையும் இடத்தைக் காட்டும் சிவப்பு எங்கும் இல்லை. பிராக்கெட் தேறிவிட்டது! எழுந்து போய் டீ போட்டாள். இனி இரண்டு பேருக்குப் போட வேண்டும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. பார்க்க யாருமில்லாததால் அதை அடக்கவும் இல்லை.

பழக்கம் விடுமா? அனுப்புவதற்கு முன், எந்தப் பிடி எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று பார்த்தாள். ஆணி அடித்தாற்போல் அவள் நிறுத்தி வைத்த அந்தப் புள்ளிதான் பாதிக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. நிஜ லாரியில் அந்த இடத்தில் வெறும் காற்றுதான்.

புள்ளியை விடுவித்தாள். முதலில் போல்ட்டை இறுக்கி இரண்டையும் தொட வைத்து, அதன்பிறகே பாரம் ஏறும்படி மாற்றினாள். இந்த முறை ஒழுங்காக ஓடி முடிந்தது. பிராக்கெட்டின் வளைவில் பளிச்சென்று சிவப்பு. அங்கே கீறல் விடும்.

பழைய ரிசல்ட்டை அனுப்பினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கூடாது என்று தடுக்கவோ, பரவாயில்லை அனுப்பு என்று சொல்லவோ அந்த வீட்டில் ஓர் ஆள் கிடையாது. அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, சிவப்புப் படத்தை அனுப்பினாள்.

சாயங்காலம் ஷ்யாம்சுந்தர் கூப்பிட்டார். டிசைனையே மாற்றப் போகிறார்களாம். அதுவரை வேலை நிற்கும், நிரந்தரப் பேச்சும் இப்போதைக்கு இல்லை. "பார்த்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

அவள் அசாருக்குப் போன் செய்தாள்.

"மச்சான், நீங்க இப்ப வர முடியாது. வேலை பெர்மனன்ட் ஆகல."

"ஏன், ஏதாச்சும் தப்பு பண்ணிட்டியா?"

"பண்ணல" என்றாள். "பண்ணியிருந்தா வந்திருப்பீங்க."