முன்னுக்குப் போங்கோ

நான் வாழும் ஒல்லாந்துச் சிற்றூரில், ஐம்பது வயது ஆண்கள் கால் மயிரை மழித்துக்கொண்டு சைக்கிள் கழகத்துக்கு வருகிறார்கள். ஒருவருக்குத் தாடி மார்பு வரை தொங்கும். கால் மட்டும் வழுவழுவென்றிருக்கும். காரணம் கேட்டேன். விழுந்தால் காயத்துக்குக் கட்டுப் போடுவது சுலபம் என்றார்கள். விழுவதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் மனிதர்களை அங்கேதான் கண்டேன். மூன்றாம் மாதம் நானும் மழித்தேன். என் மனைவி மெற்றில்டா ஒரு கிழமை என் காலைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

என் முதல் போட்டியில், முன்னால் போன ஹெங்க் என்பவர் வளைவில் சறுக்கி விழுந்தார். நான் இறங்கி அவரைத் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "றைடன், றைடன்" என்றார். ஓட்டு, ஓட்டு என்று பொருள். உதவிக்கு ஆள் கூட்டிவரச் சொல்கிறார் என்று நினைத்து, வந்த வழியே திரும்பி முதலுதவிக்காரரிடம் பறந்தேன். நாங்கள் வந்து சேர்வதற்குள் ஹெங்க் எழும்பிப் போட்டியையும் முடித்திருந்தார். எதிர்த்திசையில் ஓட்டியதற்காக என்னை விலக்கினார்கள்.

பிறகு அவர்களின் வழிகளைப் பழகினேன். முக்கியமானது காற்று மறைவு. முன்னால் போகிறவர் காற்றைத் தாங்க, பின்னால் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முறை வரும்போது நாம் தாங்க வேண்டும். கடைசியில் பலம் மிச்சமிருப்பவர் மற்றவரை முந்திப் பாய்வார். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

போன வருடம் கோயில் திருவிழாவுக்கு ஊர் போனேன். நாற்பது தாண்டியவர்களுக்கான சைக்கிள் ஓட்டம், தலைமன்னாரில் தொடங்கி எங்கள் ஓலைத்தொடுவாய்க் கோயில் வாசலில் முடியும். நான் வெளிநாட்டில் ரேஸ் ஓடுகிறவன் என்ற கதையைத் தொலைபேசியில் நானே பரப்பியிருந்தேன். தோற்றால் என் அக்காவுக்கு வெளியில் தலை காட்ட முடியாது. அத்தானின் கரியர் வைத்த சைக்கிளில் ஏறினேன்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வலப்பக்கமிருந்து மணலை வாரி அடித்தது. பேசாலை தாண்டியபோது முன்னணியில் இருவர்தான். ஒருவர் தலைமன்னாரில் சைக்கிளில் மீன் விற்கும் ஜெறோம். மற்றவன் அவருடைய இடப்பக்கம் ஒளிந்து ஓட்டிய நான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு வேகத்தைக் குறைத்தார். நானும் குறைத்தேன். அவர் இறங்கியே விட்டார்.

"ஏலாமல் கிடக்கோ அண்ணை?" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. குடித்துவிட்டு, காற்று மறைவின் விதியை விளக்கினேன். அடுத்த முறை நான் முன்னால் போவதாகவும் சொன்னேன்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. நீங்கள் மறைவிலையே வாங்கோ. நான் கடைசி மட்டும் முன்னுக்குப் போறன்."

எவ்வளவு சொல்லியும் முறையை மாற்ற அவர் விடவில்லை. முழுக் காற்றையும் தன் நெஞ்சில் வாங்கினார். கோயில் தெரிந்தது. என் கால்களில் பலம் நிறைய இருந்தது. அவற்றை ஒல்லாந்தர் பழக்கியிருந்தார்கள். என்னைக் கேட்காமலே பாய்ந்தன. நான் வரும் சத்தம் கேட்டு ஜெறோம் வழி விட்டு ஒதுங்கினார்.

"முன்னுக்குப் போங்கோ அண்ணை. உங்கட ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்."

பிறேக்கைப் பிடித்தேன். அவரைப் போகச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். இருவரும் கையைக் காட்டி ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்க, வேலையிலிருந்து இளைப்பாறிய தபாற்காரர் ஒருவர் மணியடித்தபடி நடுவால் புகுந்து போய் முதலிடம் பெற்றார்.

இரண்டாம் இடத்தை எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். தலைமன்னார் ஜெறோம் என்று ஒலிபெருக்கியில் வாசித்ததும் அவருடைய ஊரார் அவரைத் தூக்கிவிட்டார்கள். என் முறை வந்தபோது அறிவிப்பாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அத்தானிடம், "இவரை எந்த ஊர் எண்டு சொல்லுறது?" என்று கேட்டார். அத்தான் ஓலைத்தொடுவாய் என்றார். கூட்டத்தில் யாரோ ஒல்லாந்து என்றார்கள். அறிவிப்பாளர் இரண்டையும் வாசித்தார். முதல் ஊருக்கு என் வீட்டார் கை தட்டினார்கள். அடுத்ததற்கு மற்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு தட்டினார்கள். எந்தத் தட்டலுக்குக் கும்பிடுவது என்று தெரியாமல், பாதி உயர்த்திய கைகளோடு மணலில் நின்றேன்.