கனகராஜின் சருகுக் கொட்டகை

வடபழனியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழ் வீட்டில் கனகராஜ் இருக்கிறார். சினிமா படப்பிடிப்புக்குச் சருகு கொடுப்பது அவர் தொழில். காடோ கல்லறையோ, தரையில் பரப்ப மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலை வேண்டும். அடையாறிலும் தி. நகரிலும் தெரு பெருக்குகிறவர்களிடம் சொல்லிவைத்து வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் கோணிகளில் அடுக்கிவைப்பார். ஈரம் அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. எத்தனையோ ஊர் சுற்றி வந்துவிட்டேன், இலை மக்கக் கூடாது என்று காவல் காக்கும் மனிதரை இங்கேதான் பார்த்தேன்.

போன ஐப்பசி மழையில் அவருக்குச் சிக்குன்குனியா வந்தது. அவர் படுத்துக் கிடந்தபோது கொட்டகைக் கூரையில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போனது யாருக்கும் தெரியவில்லை. கதவு பூட்டியே கிடந்தது. மார்கழி பிறந்தபின் புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடேஷ் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்கு அடையாறு பங்களா. பேய்ப் படம். ஹால் முழுக்கச் சருகு வேணும். கம்பெனில பிளாஸ்டிக் இலை வாங்கி வெச்சிகீறாங்க, டைரக்டர் ஒருத்தர்தான் நெஜ இலை கேக்குறாரு. சொதப்புனா இனிமே உன்ன யாரும் கூப்புட மாட்டாங்க."

கனகராஜுக்கு மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. மூட்டை தூக்க மனைவி சீதாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளிருந்து ஆவி எங்கள் முகத்தில் அடித்தது.

கூரைவரை நின்ற அடுக்கு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கோணிகள் இற்றுப்போய், யாரோ ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் சரிந்திருந்தன. வெள்ளை நூலாகப் பூஞ்சை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தது. உள்ளே எங்கேயோ மெல்லுகிற சத்தம். உற்றுப் பார்த்தால் ரயில்பூச்சிகள். கனகராஜ் குவியலுக்குள் கையை விட்டார், சட்டென இழுத்துக்கொண்டார்.

"சூடா கீது. உள்ள யாரோ படுத்துகினு கீற மாதிரி."

"உன் ஜொரந்தான் இதுக்குள்ள போய்கீது" என்றாள் சீதா.

தூங்குமூஞ்சி மரத்து இலைகள் அடையாளமே இல்லாமல் கறுத்த மண்ணாகியிருந்தன. வாதாமரத்து இலைகளில் மட்டும் நரம்புகள் மிஞ்சியிருந்தன, தோல் உரிந்த கைகள்போல.

"இவ்ளோதானா? மீதி எங்க போச்சு?" என்று கேட்டார் கனகராஜ்.

"பூஞ்சையும் கிருமியும் தின்னு மூச்சா விட்டிருக்கும், அண்ணே. பாதிக்கு மேல காத்தாயிருக்கும்" என்றேன் நான்.

அவர் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

வேறு சருகு தேட நேரமில்லை. இருந்ததையே வாரி வண்டியில் ஏற்றினோம். மறுநாள் காலை பங்களா ஹாலில் பாய் விரித்தமாதிரி அதைப் பரப்பியதும் வெங்கடேஷ் தலையில் கை வைத்தார்.

"சருகு கேட்டா மண்ணக் கொட்டிகீறியே, இன்னா அண்ணே இது?"

கனகராஜ் நரம்பு இலைகளை ஒவ்வொன்றாக மேலே வைத்துக்கொண்டிருந்தார். ஹாலின் குளிரில் தரையிலிருந்து ஆவி எழத் தொடங்கியது. டைரக்டர் திரும்பி, "புகை மிஷினை யார் போட்டது?" என்றார். யாரும் போடவில்லை. பேயாக நடிக்கும் பெண் வெறுங்காலில் குறுக்கே நடந்தாள். சலசலப்பே இல்லை. திரும்பி வந்தவள், "கீழ சூடா இருக்கு" என்று மட்டும் சொல்லி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஷாட் ஓகே ஆனது. அடுத்த ஷெட்யூலுக்கும் இதேதான் வேண்டும் என்றார்கள்.

இப்போது கூரைத் தகரம் போட்டாகிவிட்டது. புதுச் சருகுக்கு அவரே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று காலை மாடியிலிருந்து பார்த்தேன். கொட்டகைக்குப் போனவர் பூட்டைத் திறந்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு வந்து தொறப்பாங்கன்னு தட்டிகினு கீற?" என்று சீதா துணி துவைக்கும் கல்லிலிருந்து கேட்டாள்.

கனகராஜ் கதவில் காதை வைத்து நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.